தேதி ஒட்டிய டப்பாக்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள குருவிக்கு,

உன் அண்ணி எழுதுவது. பயப்படாதே, ஜுரம் இறங்கி ஒன்பது நாளாகிறது. எழுந்து நடமாடுகிறேன், நேற்றிலிருந்து கேன்டீனுக்கும் போகிறேன். உன் அண்ணனுக்கு ஒன்றுமில்லை, அவரிடம் அந்த ஜுரம் வாலாட்டவில்லை. நீயும் உன் கழுத்துவலியும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசலாம்தான். நீ விதை எண்ணிக்கொண்டே ‘ம்’ போடுவாய். நான் என்ன சொன்னேன் என்று கேட்டால் முந்நூற்றுப் பன்னிரண்டு என்பாய். கடிதமென்றால் உட்கார்ந்து படிக்கிறாய்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் ஜூன் முடிவில் மகள் ஊருக்கே போய்விடுகிறார். அந்த இடத்துக்கு என்னைப் போடச் சொல்லி மேலாளரிடம் பேசியிருக்கிறாராம். ஏழு மாடி அலுவலகம், நூற்று நாற்பது பேர், பதினோரு வருஷமாக அவர்களுக்கு வெங்காயம் நறுக்குகிறேன், அடுப்பும் பார்க்கிறேன். எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப வேண்டும்.

ஒன்றே ஒன்று, வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. சோறு, ரொட்டி, முட்டை எல்லாம் நனைந்த அட்டையை மெல்லுகிற மாதிரி இருக்கிறது. போகப்போகச் சரியாகிவிடும். போன தடவை நீ ஒரு தட்டில் குட்டிக்கீரை கொண்டுவந்தாயே, விரல் நீளம்கூட இல்லாத முளைகள், அதைத் தின்னவேண்டும் போலிருக்கிறது. விதை அனுப்பு. எப்படி வளர்ப்பது, எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குப் புரியும்படி எழுது.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.
உன் அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன், அதுவும் இரண்டு முறை. நீங்கள் தேறிவிட்டது பெரிய நிம்மதி. நான் நலம். கழுத்துவலி வாடகை கொடுக்காமல் என்னோடு குடியிருக்கிறது, அதுவும் நலம்.

உறைக்குள் கடுகு, முள்ளங்கி, பட்டாணி மூன்றும் இருக்கின்றன. எங்கள் சோதனைச்சாலைக்கு முளைப்புப் பார்க்க வருகிற விதைகளில் மருந்து பூசியிருக்கும், அதைத் தின்னக்கூடாது. இது தின்பதற்கென்றே விற்கிற விதை. கடைக்காரன் மைக்ரோகிரீன் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். நமக்குக் குட்டிக்கீரை போதும்.

ஆழமில்லாத தட்டில் ஈரமண்ணைப் பரப்பி விதையை நெருக்கமாகத் தூவுங்கள். பட்டாணியை மட்டும் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். மூன்று நாள் இன்னொரு தட்டைக் கவிழ்த்து இருட்டில் வையுங்கள், பிறகு ஜன்னலுக்கு மாற்றுங்கள். கடுகும் முள்ளங்கியும் எட்டாம் நாள் தயார், பட்டாணிக்குப் பன்னிரண்டு நாள். மண்ணுக்கு மேலே கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அடுப்பில் வேகவிடாதீர்கள், இறக்கிய பிறகு மேலே தூவினால் போதும். பட்டாணி முளையை மட்டும் ஒரு நிமிஷம் எண்ணெயில் புரட்டலாம்.

மிஞ்சியதை டப்பாவில் உலர்ந்த காகிதம் விரித்து, ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள். முக்கியமானது, கழுவாமல் வையுங்கள். தின்னப்போகும்போது கழுவினால் போதும்.

ஒரு குறை சொல்லவேண்டும். ஆறு வருஷத்தில் அண்ணனின் சட்டையைத் திட்டாமல் நீங்கள் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ‘லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு கிரீஸ் வாடையில் குடித்தனம் நடத்துகிறேன்’ என்று ஒரு பத்தியாவது வரும். இந்தத் தடவை அதைக் காணோம். ஜுரம் உங்களைத் திருத்திவிட்டதா, அவனைத் திருத்திவிட்டதா?

வெந்நீர் குடியுங்கள்.
குருவி


மார்ச் 6

அன்புள்ள குருவிக்கு,

இங்கு மூன்று தட்டுக் கீரையும் இரண்டு மனிதர்களும் சௌக்கியம். உன் பக்கத்துச் சேதி சொல்லு.

முள்ளங்கித் தண்டு இவ்வளவு சிவப்பாக வருமென்று நீ சொல்லவேயில்லை. காலையில் கேன்டீனுக்குக் கிளம்புமுன் ஜன்னலோரம் நின்று அதைப் பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது. அவித்த முட்டைமேல் தூவினேன், உருளைக்கிழங்கு மசியலில் கலந்தேன், பருப்பை இறக்கியதும் ஒரு பிடி போட்டேன். மெல்லும்போது காதுக்குள்ளேயே நறநறவென்று சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்காகவே தின்னலாம்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. கேன்டீனில் கழுவாத எதுவும் குளிர்ப்பெட்டிக்குள் போகக்கூடாது, பதினோரு வருஷச் சட்டம். கை அதன்படியே போய்விட்டது, முதல் டப்பாவைக் கழுவித்தான் வைத்தேன். ஐந்தாம் நாள் எடுத்து உன் அண்ணன் தட்டில் தூவினேன். ஒரு வாய் வைத்தார், கொஞ்சம் நின்றார், பிறகு ஒன்றும் சொல்லாமல் தட்டைக் காலி செய்துவிட்டார். மறுநாள் பார்த்தால் எல்லா டப்பாவிலும் பேப்பர் டேப் ஒட்டி, வெட்டிய தேதியும் தீரும் தேதியும் எழுதியிருந்தது. லிஃப்டுக்கு சர்வீஸ் தேதி ஒட்டுகிற புத்தி, வீட்டிலும் விடவில்லை. பால் பாத்திரத்தில்கூட ஒட்டிவிட்டார்.

சட்டையா? சோப்பை மாற்றிவிட்டேன்.

நேரத்துக்குத் தூங்கு.
உன் அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். புதிதாக வந்திருக்கும் விளக்கில் விதையின் மூக்குகூடத் தெரிகிறது. கழுத்து இரண்டு நாளாகச் சும்மா இருக்கிறது. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா?

ஒரு சந்தேகம். கழுவி மூடிய முளை ஐந்து நாளில் கொழகொழத்துவிடும். டப்பாவைத் திறந்ததுமே நாறியிருக்குமே? எங்கள் சோதனைச்சாலையில் ஒரு தட்டு அழுகினால் வாசலில் நிற்கிற காவல்காரரே உள்ளே வந்து கேட்பார். பரவாயில்லை, அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள்.

இப்போது ஒரு விளையாட்டு. இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை நூல். ஒன்று கடுகு, இன்னொன்று முட்டைக்கோஸ். விதை ஒன்றுபோலவே இருக்கும், முளையும் ஒன்றுபோலவே இருக்கும். வளர்த்துத் தின்றுபார்த்து எது எதுவென்று எழுதுங்கள். ஜெயித்தால் சூரியகாந்தி விதை பரிசு.

அண்ணனை அந்தத் தட்டுக்காக நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள்.
குருவி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஐந்து வாரமாகிவிட்டது. போன் செய்தால் மூன்று தடவையும் அண்ணன் எடுத்து, நீங்கள் குளிக்கிறீர்கள் என்றான். இவ்வளவு குளிக்க வீட்டில் தண்ணீர் ஏது? விளையாட்டில் தோற்றாலும் சூரியகாந்தி விதை தருகிறேன். நலமென்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள்.

குருவி


ஏப்ரல் 28

அன்புள்ள குருவிக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதிவிட்டேன், கோபத்தை விடு. கேன்டீனில் மூச்சுவிட நேரமில்லை. உன் கழுத்து சும்மா இருப்பது தொடர்கிறதா?

சிவப்பு நூல்தான் கடுகு. சந்தேகமே இல்லை. வெள்ளை நூலைத் தின்றேன், ஒன்றுமில்லை. சிவப்பு நூலை வாயில் போட்டு மென்றதும் அது கடித்தது, குருவி. மூக்கின் உள்ளே ஏறிச் சுரீரென்றது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அடுப்படியில் நின்றபடியே இன்னொரு பிடி தின்றேன், அப்புறம் இன்னொரு பிடி. அரைமணி நேரத்தில் தட்டே மொட்டை. உன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஏன் அழுகிறாய் என்றார். கடுகு என்றேன். அவர் அடுத்த தட்டுக்கு மண் நிரப்பினார்.

கேன்டீனிலும் ஆரம்பித்துவிட்டேன். பின்புற ஜன்னலில் ஆறு தட்டு. சூப்பை ஊற்றியதும் மேலே ஒரு சிட்டிகை. ஐந்தாம் மாடிக் கணக்காளர் இரண்டாவது கிண்ணம் கேட்டார். அவர் இரண்டாவது கிண்ணம் கேட்டு நான் பார்த்ததில்லை. மிஞ்சிய பட்டாணி முளையை எண்ணெய் விட்டு அரைத்து, ஐஸ்கட்டி அச்சில் ஊற்றி உறையவைத்திருக்கிறேன். சூப்புக்கு ஒரு கட்டி போட்டால் போதும். ஜூன் பதினைந்தாம் தேதி மேலாளர் முடிவு சொல்கிறாராம்.

பரிசை அனுப்பு.
உன் அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

பரிசு உறைக்குள் இருக்கிறது. வென்றது நீங்கள்தான். ஆனால் நான் வைத்த சோதனை தப்பு. விதைக்குச் சோதனை வைத்தே பிழைக்கிறவள் இப்படி ஒரு சோதனை வைத்தேன் என்று வெளியில் சொன்னால் வேலை போய்விடும்.

போன வாரம் சோதனைச்சாலையில் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டையும் தின்றேன். பக்கத்து மேஜைக்காரி என்னைப் பைத்தியமென்று முடிவுகட்டிவிட்டாள். முட்டைக்கோஸ் முளைக்கும் நாங்கள் விதை விரிக்கிற ஒற்றுத்தாளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கடுகு மட்டும், மூக்கை மூடியிருந்தும் கடித்தது. அது வாசனை இல்லை அண்ணி, எரிச்சல். வாசனை தெரியாதவர்களுக்கும் அது தெரியும்.

அண்ணன் சட்டையைப் பற்றி மூன்று கடிதமாக நீங்களாக ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் கேட்டதற்குச் சோப்பு என்றீர்கள். கீரையின் நிறம் எழுதினீர்கள், சத்தம் எழுதினீர்கள். கடுகு வாடை தெருவரைக்கும் போகுமே, அதை எழுதவில்லை.

உங்களுக்கு வாசனை தெரியவில்லை. ஜுரத்திலிருந்தே. சரிதானே?

தப்பாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.
குருவி


மே 20

அன்புள்ள குருவிக்கு,

உன்னைத் திட்ட வழியில்லை. சரிதான்.

பத்து நாளாக இந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணனிடம்கூட. நாக்குக்கு உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, இனிப்பு, கசப்பு தெரிகிறது. அதற்குமேல் ஒன்றுமில்லை. காபி கசக்கிற வெந்நீர். வெங்காயம் வதங்குவதைப் பார்க்கிறேன், கேட்கிறேன், ஆனால் அடுப்படி கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கிற மாதிரி இருக்கிறது.

கேன்டீனில் எப்படிச் சமாளிக்கிறேன் என்கிறாயா? எண்ணெயில் வெங்காயம் போட்டதும் ஒரு சத்தம், ஈரம் வற்றியதும் வேறு சத்தம், கருகப்போகுமுன் இன்னொரு சத்தம். பதினோரு வருஷமாக அது காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற அக்கா அடுப்பைக் கடந்து போகும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் மூக்கு சுருங்கினால் தீயைக் குறைப்பேன்.

ஆனால் பயம் இருக்கிறது. கெட்டுப்போன பால், கேஸ், அன்று உன் அண்ணனுக்கு நான் போட்ட அழுகல் கீரை. அதையும் அவர் சத்தமில்லாமல் தின்றார். மூக்கில்லாத சமையல்காரிக்கு யார் அடுப்படியைக் கொடுப்பார்கள்? சொன்னால் வேலை இல்லை. சொல்லாமல் வாங்கினால் நூற்று நாற்பது பேரின் வயிறு என் கையில். இரண்டுக்கும் நடுவில் நின்று ஜூன் பதினைந்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கடுகு கடித்த அன்று மட்டும் எனக்கு ஒன்று திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அதனால்தான் தட்டு மொட்டையானது.

உன் அண்ணனிடம் சொல்லாதே. அவருக்கு என் சமையல்தான் பெருமை.
உன் அண்ணி


மே 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், அழுதுவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கப்போவதில்லை.

அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். மார்ச் மாதம் ஒருநாள் அவன் சோதனைச்சாலைக்கே போன் செய்தான். எந்த முளை எத்தனை நாளில் கெடும், பால் எத்தனை நாள், அரைத்த மாவு எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டான், பேனா கீறுகிற சத்தம் கேட்டது. தினமும் நீங்கள் எழுமுன் எல்லாவற்றையும் பார்த்துவிடுவதாகவும் சொன்னான். மெக்கானிக் கிறுக்கு என்று நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நம் இருவரில் யார் மக்கு என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.

அந்தத் தேதிகள் யாருக்காக ஒட்டினான் என்று ஒருநாள் காலையில் சீக்கிரம் எழுந்து பாருங்கள்.

மேலாளரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவராகக் கண்டுபிடிக்க விடாதீர்கள். டாக்டரையும் பாருங்கள்.

உங்கள் பக்கத்தில் நிற்கிற
குருவி


ஜூன் 18

அன்புள்ள குருவிக்கு,

சௌக்கியம். இந்தத் தடவை உண்மையாகவே சௌக்கியம்.

நீ சொன்னபடி ஐந்து மணிக்கு எழுந்தேன். உன் அண்ணன் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்துபார்த்து, மூடி, டேப்பைத் தடவி வைத்தார். பாலை முகர்ந்தார். பிறகு அடுப்பின் பக்கம் குனிந்து கேஸ் குழாயை முகர்ந்தார், அதன்பிறகே பாலை அடுப்பேற்றினார். லிஃப்டை ஆள் ஏறுமுன் சோதிப்பது போல ஒரே ஒழுங்கு. நான் வாசற்படியில் நிற்பதைத் திரும்பும்போதுதான் பார்த்தார்.

“எப்பத்திலிருந்து தெரியும்?” என்றேன்.

“அந்தக் கீரையிலிருந்து.”

“ஏன் என்கிட்ட கேக்கலை?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார். “சொல்லாட்டியும் டப்பா பாத்துக்கும்.”

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பால் பொங்குகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம்.

டாக்டர் பார்த்தார். சிலருக்குத் திரும்புமாம், மாதக்கணக்கில் ஆகலாமாம், திரும்பாமலும் போகலாமாம். தினமும் காலையும் மாலையும் எலுமிச்சைத் தோல், கிராம்பு, காபித்தூள், கசக்கிய முள்ளங்கி முளை நாலையும் முகரச் சொன்னார். உன் அண்ணன் அதற்கும் நாலு கிண்ணம் வைத்துப் பெயர் ஒட்டியிருக்கிறார். இப்போதைக்கு நாலும் ஒன்றுதான்.

பதினைந்தாம் தேதி மேலாளர் வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, கருகினால் எப்படித் தெரியும் என்று கேட்டார். கருகுவதற்கு முன்பே சத்தம் சொல்லிவிடும் என்றேன். அவர் முகம் தெளியவில்லை. பாத்திரம் தேய்க்கிற அக்கா ஈரக்கையோடு உள்ளே வந்து நின்றாள். கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நாலு மாசமா இவங்க சமைச்சதைத்தான் சார் சாப்பிடுறீங்க” என்றாள். “நேத்து ரெண்டாவது தடவை வாங்குனீங்க.”

மேலாளர் அன்று முடிவு சொல்லவில்லை. மறுநாள் சொன்னார். வேலை எனக்குத்தான், இரண்டு நிபந்தனையோடு. பரிமாறுமுன் ஒவ்வொரு பாத்திரத்தையும் அந்த அக்கா முகர்ந்து ருசிபார்க்க வேண்டும், அதற்கு அவளுக்குச் சம்பளமும் உயரும். குளிர்ப்பெட்டியில் எந்த டப்பாவும் தேதி இல்லாமல் இருக்கக்கூடாது. இரண்டாவதற்கு நான் சிரித்துவிட்டேன், ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. உன் அண்ணன் நாலு சுருள் டேப் வாங்கி வந்தார்.

குட்டிக்கீரையைக் கழுவாமல் உள்ளே வைக்கவும் அனுமதி வாங்கிவிட்டேன். பதினோரு வருஷச் சட்டம் உன்னால் உடைந்தது.

நம் இருவரில் மக்கு நான்தான், விட்டுக்கொடுக்கிறேன்.
உன் அண்ணி


ஜூலை 2

அன்புள்ள தலைமைச் சமையல்காரிக்கு,

நலம். சந்தோஷத்தில் கழுத்தை வேகமாகத் திருப்பி மறுபடி பிடித்துக்கொண்டது. வெந்தய விதை வைத்திருக்கிறேன், முளை லேசாகக் கசக்கும், உங்கள் நாக்குக்கு அது தெரியும். வாசனை வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அந்த அக்காவுக்கு என் வணக்கம்.
குருவி


செப்டம்பர் 9

அன்புள்ள குருவிக்கு,

சுகம் விசாரிக்க இன்று பொறுமையில்லை, அடுத்த கடிதத்தில் இரண்டு மடங்காக விசாரிக்கிறேன்.

நேற்று சாயங்காலம் பட்டாணி முளையை வெட்டி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. உன் அண்ணன் வேலையிலிருந்து வந்து பின்னால் நிற்கிறார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே இன்னும் நாலு தண்டு வெட்டினேன். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

கிரீஸ். நாள் தவறாமல் முகர்ந்த எலுமிச்சை வரவில்லை, கிராம்பு வரவில்லை, காபி வரவில்லை. முதலில் வந்தது இந்தப் பாழாய்ப்போன கிரீஸ். மெல்லிசாக, தூரத்தில் இருக்கிற மாதிரி, ஆனால் அதேதான். டாக்டர் இனி மற்றதும் ஒவ்வொன்றாக வரலாம் என்கிறார்.

ஆகவே, ஏழு மாதமாக நீ காத்திருந்த புகார்: உன் அண்ணன் சட்டை தாங்கமுடியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு கிரீஸ் வாடையில் குடித்தனம் நடத்துகிறேன்.

“சட்டை நாறுது” என்று அவரிடமும் சொன்னேன். தோய்க்கப் போடுகிறேன் என்று அவர் பொத்தானைக் கழற்றப் போனார்.

“இன்னிக்கு வேணாம்” என்றேன். “போட்டுக்கிட்டே சாப்பிடுங்க.”

இன்று காலை அந்தச் சட்டை ஆணியில் தொங்குகிறது. சட்டைப்பையின்மேல் டேப் ஒட்டி, நேற்றைய தேதியை எழுதிவைத்திருக்கிறார். தீரும் தேதி போடவில்லை.

உன் அண்ணி